தோட்டா உறையின் கழுத்து ஏன் பிளக்கிறது? குதிரை லாயத்தில் கிடைத்த விடை - முழு விவரம்

ரைஃபிள் தோட்டாவின் பித்தளை உறையில் முதலில் பழுதாவது பெரும்பாலும் அதன் கழுத்துதான். குண்டைக் கவ்விப் பிடித்திருக்கும் அந்தச் சின்ன வளையத்தில், நெடுக மயிரிழை போல ஒரு கோடு விழும். அடுத்த முறை சுட்டால் அந்தக் கோடு வாய் பிளந்துவிடும். சில நேரங்களில் சுடவே வேண்டாம். பெட்டியில் சும்மா கிடந்த தோட்டாவிலேயே கழுத்து பிளந்து நிற்கும்.

சுட்ட உறைகளைச் சேர்த்து வைத்து மறுபடி நிரப்பிப் பயன்படுத்தும் 'ரீலோடிங்' பழக்கம் உள்ள அமெரிக்கா போன்ற நாடுகளில் இது அன்றாடப் பேச்சு. ஆனால் இந்தக் கழுத்துப் பிளவின் கதை இந்தியாவோடு பின்னிக் கிடக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் ராணுவத்தின் தோட்டாக்கள் இங்கே மழைக்காலம் முடியும்போது விரிசல் விட்டுக் கிடந்தன. யாரும் சுடவில்லை, யாரும் கீழே போடவில்லை. பிறகு எப்படி?

அதற்கு விடை கிடைத்தது 1921இல். அந்த விடை இன்றைக்கும் தோட்டா தொழிற்சாலைகளிலும், ரீலோடிங் செய்பவர்களின் மேசையிலும் ஒவ்வொரு நாளும் பயன்பட்டு வருகிறது.

தோட்டா வேறு, குண்டு வேறு

செய்திகளில் "தோட்டா பாய்ந்தது", "தோட்டா துளைத்தது" என்று சொல்வது வழக்கம். உண்மையில் துப்பாக்கிக் குழாயிலிருந்து பறந்து போவது முழுத் தோட்டா அல்ல. அதன் முனையில் இருக்கும் குண்டு மட்டும்தான். தோட்டா என்பது நான்கு பொருள் சேர்ந்த ஒரு பொட்டலம். முனையில் குண்டு, உள்ளே வெடிமருந்து, அடியில் நடுவில் பொட்டு மாதிரி பிரைமர், இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் உறை. சுட்டதும் பக்கவாட்டில் தெறித்து விழுவது அந்த உறை. சம்பவ இடத்தில் போலீஸ் பொறுக்கி எடுக்கும் 'காலித் தோட்டா'வும் அதுதான்.

உறை பெரும்பாலும் பித்தளை. 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இந்தக் கலவைக்கு உலோகத் தொழிலில் 'கார்ட்ரிட்ஜ் பிராஸ்', அதாவது தோட்டாப் பித்தளை என்றே பெயர் வந்துவிட்டது.

ஒரு பாட்டிலை நினைத்துக்கொண்டால் உறையின் வடிவம் சுலபமாகப் புரியும். அடிப்பாகம் தடிமனாக, கெட்டியாக இருக்கும். மேலே போகப் போகச் சுவர் மெலியும். பாட்டில் போலவே ஒரு 'தோள்' சரிந்து, அதற்கு மேல் ஒடுங்கிய 'கழுத்து' வரும். கழுத்தின் சுவர் அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது.

7.62×51, 5.56×45 என்று ராணுவச் செய்திகளில் அடிக்கடி வரும் எண்களும் இதைத்தான் சொல்கின்றன. முதல் எண் குண்டின் குறுக்களவைக் குறிக்கும். இரண்டாவது எண் உறையின் நீளம். இரண்டுமே மில்லிமீட்டர் கணக்கு. இந்தியாவின் இன்சாஸ் ரைஃபிள் பயன்படுத்துவது 5.56×45. ஏகே வகைத் துப்பாக்கிகளில் பரவலாக இருப்பது 7.62×39.

ஒரு முறை சுட்டால் கழுத்துக்கு என்ன ஆகும்?

ட்ரிக்கரை அழுத்தியதும் பிரைமர் பொறி தட்டும், வெடிமருந்து எரியும், வாயு பெருகும். .308 வின்செஸ்டர் என்ற பிரபலமான வேட்டைத் தோட்டாவில் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. ஒரு கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 2,000 மடங்கு. எல்லாம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் நடந்து முடிந்துவிடும்.

அந்த நொடியில் பித்தளை உறை பலூன் மாதிரி உப்பி, துப்பாக்கியின் 'சேம்பர்' சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். வாயு பின்பக்கம் கசியாமல் அடைப்பது இந்த உப்பல்தான். அழுத்தம் இறங்கியதும் உறை கொஞ்சம் சுருங்கி, சுவரை விட்டு விலகும். அதனால்தான் அதை வெளியே இழுக்க முடிகிறது. உப்பவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும். இந்த இரண்டு குணமும் ஒரே உலோகத்தில் அளவோடு கிடைப்பதால்தான் பித்தளைக்கு இவ்வளவு மவுசு.

ஆனால் சுருங்கிய உறை பழைய அளவுக்குத் திரும்பாது. கழுத்து விரிந்தபடியே நிற்கும். மறுபடி குண்டைச் செருகினால் தொளதொளவென்று இருக்கும். எனவே ரீலோடிங் செய்பவர்கள் உறையை 'டை' எனப்படும் எஃகு அச்சுக்குள் அழுத்தி நெருக்குவார்கள். வழக்கமான அச்சுகளில் கழுத்து தேவைக்கும் அதிகமாகவே ஒடுங்கிவிடும். பிறகு ஒரு சின்ன எஃகு உருண்டை உள்ளே நுழைந்து அதைச் சரியான அளவுக்கு விரிக்கும். கடைசியில் குண்டு நுழையும்போது இன்னொரு முறை விரியும்.

கணக்குப் பாருங்கள். சுடும்போது விரிவு, அச்சில் ஒடுக்கம், உருண்டையால் விரிவு, குண்டால் விரிவு. ஒரே சுற்றில் கழுத்து இத்தனை பாடுபடுகிறது. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? முதலில் இளக்கமாக வளையும். பிறகு விறைக்கும். அப்புறம் 'டக்'கென்று ஒடியும். அதேதான் இங்கேயும்.

உலோகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். வளைக்கும்போது அந்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. நகர நகர அடுக்குகளில் ஏற்கெனவே இருக்கும் கோளாறுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, இனி நகர இடமில்லை என்ற நிலை வரும். அப்போது உலோகம் கடினமாகிவிடும். கடினம் என்றால் பலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இழுத்தால் நீளாமல் பிளக்கும் என்று அர்த்தம்.

பிளவு ஏன் நெடுக விழுகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. உள்ளிருந்து தள்ளும் அழுத்தம் கழுத்து வளையத்தைச் சுற்றளவில் இழுக்கிறது. பழுத்த வெள்ளரி நெடுக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி.

எத்தனை முறை தாங்கும்? அதற்கு ஒரே எண் கிடையாது. நாலைந்து முறையிலேயே கை விரிக்கும் உறைகளும் உண்டு. கவனித்துப் பார்த்துக்கொண்டால் பத்து முறையைத் தாண்டும் உறைகளும் உண்டு. சேம்பர் எவ்வளவு தொளதொளப்பு, அச்சு எவ்வளவு நெருக்குகிறது, எவ்வளவு அழுத்தம், இதையெல்லாம் பொறுத்தது அது.

சரி, சுடாத தோட்டா ஏன் விரிசல் விட்டது?

இங்கேதான் இந்தியா வருகிறது.

பிரிட்டிஷ் ராணுவம் இங்கே மழைக்காலத்தில் நடவடிக்கைகளைக் குறைத்துக்கொள்ளும். சேறும் வெள்ளமும் இருக்கும்போது படை நகராது. அந்த மாதங்களில் தோட்டாப் பெட்டிகளை நனையாமல் வைக்க ஒரு கூரை வேண்டும். குதிரை லாயங்கள் இருந்தன. அங்கே கொண்டுபோய் அடுக்கினார்கள்.

மழை விட்டு, வெயில் வந்து, பெட்டியைத் திறந்தால் தோட்டாக்களில் விரிசல். குறிப்பாகக் குண்டைக் கவ்வியிருக்கும் கழுத்துப் பகுதியில். பருவத்தோடு வந்து போவதால் இதற்கு 'சீசன் கிராக்கிங்', அதாவது 'பருவ விரிசல்' என்று பெயர் விழுந்தது.

கேட்கச் சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். ஆனால் கழுத்து பிளந்த தோட்டாவில் குண்டு உறுதியாக நிற்காது. உள்ளே தள்ளப்படலாம், கழன்று வரலாம். விரிசல் வழியாக ஈரம் புகுந்தால் வெடிமருந்து கெடும். எதிரியின் முன்னால் நிற்கும் ஒரு சிப்பாய்க்கு, சுட வேண்டிய நேரத்தில் சுடாத தோட்டா என்றால் அது உயிர்ப் பிரச்சனை.

காரணம் நீண்ட காலம் புரியவில்லை. 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் பிரிட்டனின் உலோகவியல் ஆய்விதழ் ஒன்றில் விடையை வெளியிட்டார்கள். குற்றவாளி மழை மட்டுமல்ல. குதிரைகளின் சிறுநீர்.

லாயத்துக்குள் நுழைந்தாலே மூக்கைத் துளைத்து, கண்ணை எரிக்கும் ஒரு நெடி அடிக்கும். அதுதான் அம்மோனியா. சிறுநீரில் இருக்கும் யூரியாவை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அது உண்டாகிறது. செம்பும் அம்மோனியாவும் சேர்ந்தால் விடாது. பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் மயில்துத்தக் கரைசலில் அம்மோனியா விட்டதும் அடர் நீலமாக மாறுமே, அதே உறவுதான். காற்றில் ஈரப்பதம் மிகுந்த மழைக்காலத்தில் பித்தளையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் படியும். அதில் அம்மோனியா கரையும். கரைந்த அம்மோனியா பித்தளையை அரிக்கத் தொடங்கும்.

ஆனால் அம்மோனியா மட்டும் போதாது. அப்படியென்றால் உறை முழுக்கச் சீராக அரித்திருக்க வேண்டும். ஏன் கழுத்தில் மட்டும்?

இதுதான் அந்த ஆய்வின் முக்கியமான பகுதி. தோட்டா உறையைத் தொழிற்சாலையில் வார்ப்பதில்லை. ஒரு பித்தளை வில்லையைக் கிண்ணமாக்கி, அந்தக் கிண்ணத்தைத் திரும்பத் திரும்ப அச்சில் இழுத்து நீட்டி, கடைசியில் மேல்பகுதியை ஒடுக்கிக் கழுத்தாக்குகிறார்கள். எல்லாம் குளிர்ந்த நிலையில் நடக்கும் வேலை. அந்த இழுப்பும் ஒடுக்கமும் உலோகத்துக்குள் ஒரு விறைப்பாகத் தங்கிவிடும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். உள்ளே நாண் ஏற்றிய வில் மாதிரி இழுத்துக்கொண்டே இருக்கும். அதோடு, கழுத்துக்குள் குண்டும் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கிறது. அதுவும் நாள் முழுக்க, ஆண்டு முழுக்க வளையத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

இப்படி உள்ளுக்குள் இழுபட்டுக் கிடக்கும் இடத்தில் அம்மோனியா வாய் வைக்கிறது. உலோகத்தின் மணிகளுக்கு இடையே இருக்கும் எல்லைக்கோடுகள் வழியாக அரிப்பு உள்ளே இறங்கும். ஒரு சின்னக் கீறல் விழுந்ததும் மீதி வேலையை இழுவிசை பார்த்துக்கொள்ளும். துணியில் ஒரு நூல் அறுந்தால் போதும், இழுக்க இழுக்கக் கிழிந்துகொண்டே போகாதா, அப்படி.

பாதிக்கக்கூடிய உலோகம், உள்ளே தங்கிய இழுவிசை, அரிக்கும் சூழல். மூன்றும் ஒரே இடத்தில் கூடினால்தான் விரிசல். ஒன்று குறைந்தாலும் இல்லை. இதை இன்று 'ஸ்ட்ரெஸ் கரோஷன்' என்கிறார்கள். பாலங்கள், கொதிகலன்கள், விமானப் பாகங்கள் என்று பொறியியலில் எல்லா இடத்திலும் பயமுறுத்தும் பிரச்சனை இது. அதற்குப் பாடப்புத்தகங்கள் முதலில் காட்டும் உதாரணங்களில் ஒன்று, இந்தியக் குதிரை லாயத்தில் கிடந்த அந்தத் தோட்டாக்கள்.

தீர்வு நெருப்பில் இருந்தது

சூழலை மாற்றுவது ராணுவத்தின் கையில் இல்லை. மழையை நிறுத்த முடியாது, குதிரையை விரட்ட முடியாது. பித்தளையையும் மாற்ற முடியாது. மிச்சம் இருப்பது உள்ளே தங்கிய இழுவிசை. அதை எடுத்துவிட வேண்டும்.

அதற்கான வழி 'அனீலிங்'. உலோகத்தை அளவாகச் சூடேற்றி, உள்ளே சிக்கிக்கொண்டிருக்கும் அணுக்களைத் தளரவிட்டு இளக்குவது. வெறும் இழுவிசையை மட்டும் நீக்க 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரையிலான மிதமான சூடு, போதிய நேரம் கிடைத்தால் போதும். கடினமாகிப்போன பித்தளையை முழுதாக இளக்க அதைவிட அதிகச் சூடு வேண்டும்.

இது ஆய்வகத்தில் பிறந்த யோசனை அல்ல. பாத்திரம் தட்டும் கைவினைஞர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் பித்தளை, செம்புப் பாத்திரம் செய்யும் தத்தேரா சமூகத்தினரின் கலையை யுனெஸ்கோ 2014இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தகட்டைத் தட்டி வளைக்கும் அந்த வேலையில் விறகு அடுப்பின் சூட்டைக் கட்டுக்குள் வைப்பதும் ஒரு பகுதி. தட்டத் தட்ட உலோகம் விறைக்கும், சூடு காட்டினால் மறுபடி இளகும் என்பது அவர்களின் கைக்குத் தெரியும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு கதை வேறு. அது வார்ப்பு வேலை, இழுத்து நீட்டிய தகடு அல்ல.

ராணுவத் தோட்டாக்களை உற்றுப் பார்த்தால் கழுத்திலும் தோளிலும் நீலமும் பழுப்பும் கலந்த ஒரு நிறமாற்றம் தெரியும். தீயில் வாட்டிய மாதிரி. புதிதாகப் பார்ப்பவர்கள் "இது பழைய சரக்கு, பழுதான சரக்கு" என்று நினைத்துவிடுவது உண்டு. அப்படி இல்லை. அது அனீலிங் செய்த அடையாளம். கடையில் விற்கும் வேட்டைத் தோட்டாக்களிலும் இது நடக்கிறது. ஆனால் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்த நிறத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்பார்கள்.

இழுவிசை உண்மையிலேயே போய்விட்டதா என்று சோதிக்கவும் வழி கண்டுபிடித்தார்கள். உறையைப் பாதரச நைட்ரேட் கரைசலில் முக்கி எடுப்பது. உள்ளே விறைப்பு மிச்சம் இருந்தால் சிறிது நேரத்திலேயே விரிசல் காட்டிக்கொடுத்துவிடும். பாதரசம் நச்சு என்பதால், அதற்கு மாற்றாக அம்மோனியா ஆவியில் வைத்துச் சோதிக்கும் முறையும் உண்டு. லாயத்தில் தற்செயலாக நடந்ததை ஆய்வகத்தில் வேண்டுமென்றே செய்வது!

கழுத்தைக் காப்பாற்றப் போய் அடியைக் கெடுத்தால்?

சூடு காட்டினால் கழுத்து பிழைக்கும் என்று தெரிந்ததும், ரீலோடிங் செய்பவர்களும் இதை வீட்டிலேயே செய்யத் தொடங்கினார்கள். எரிவாயு டார்ச்சின் சுடர், மின்காந்தத் தூண்டல் கருவி என்று பல முறைகள் உண்டு. சில விநாடி வேலைதான். ஆனால் இந்த விவகாரத்திலேயே உயிருக்கு ஆபத்தான இடமும் இதுதான்.

உறையின் கழுத்து இளக்கமாக இருக்க வேண்டும். அடிப்பாகம் கடினமாகவே இருக்க வேண்டும். மேல்பகுதியைச் சேம்பர் சுவர் சுற்றிலும் தாங்குகிறது. அடிப்பாகத்தில், பிரைமர் பொருந்தியிருக்கும் இடத்தில், அந்தத் தாங்கல் முழுதாக இல்லை. அங்கே 62,000 பவுண்டு அழுத்தத்தையும் பித்தளை தன் சொந்தக் கடினத்தால்தான் தாங்க வேண்டும். தொழிற்சாலையில் அடிப்பாகத்தை அழுத்திக் கெட்டியாக்குவது அதற்காகத்தான்.

பித்தளை வெப்பத்தை வேகமாகக் கடத்தும். எஃகைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கழுத்தில் காட்டும் சூடு சில விநாடிகளில் அடியை நோக்கி ஓடும். அடிப்பாகம் இளகிவிட்டால் அந்த உறை அத்தோடு முடிந்தது. மறுபடி கடினமாக்க வீட்டில் எந்த வழியும் இல்லை. அதைத் தெரியாமல் பயன்படுத்தினால் அடி விரிந்து, வாயு பின்பக்கமாக, சுடுபவரின் முகத்துக்கு நேராக வரலாம்.

சமையலறை ஓவனில் உறைகளைப் போட்டுச் சூடாக்கலாமே என்ற யோசனை அடிக்கடி எழும். கூடவே கூடாது என்று அனுபவசாலிகள் அலறுவதற்குக் காரணம் இதுதான். ஓவன் கழுத்து, அடி என்று பார்க்காது. முழு உறையையும் ஒரே சூட்டில் வேகவைக்கும். பழைய காலத்தில் உறைகளைத் தட்டில் நீர் விட்டு நிறுத்தி, நீருக்கு மேலே தெரியும் கழுத்தில் மட்டும் தீ காட்டியதும் அடியைக் காப்பாற்றத்தான்.

அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கையும் உண்டு. கொல்லன் பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கினால் அது கடினமாகும். பித்தளையும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பித்தளைக்கு அந்தக் குணம் கிடையாது. தண்ணீரில் முக்கினாலும் சரி, காற்றில் ஆறவிட்டாலும் சரி, இளகியது இளகியதுதான். தண்ணீர் செய்வதெல்லாம் வெப்பம் கீழே பரவாமல் தடுப்பது மட்டுமே.

இன்னொரு பக்கம், சூடு அதிகமாகிவிட்டால் கழுத்தும் கெடும். மெழுகு மாதிரி தளர்ந்து, குண்டைப் பிடித்து நிறுத்த வலுவில்லாமல் போய்விடும். கழுத்தின் உள்விட்டம் குண்டைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 0.05 மில்லிமீட்டர் குறைவாக இருக்கும். ஒரு மெல்லிய தலைமுடியின் தடிமன் அளவுதான் அது. அந்த இத்துனூண்டு வித்தியாசம்தான் குண்டை நிறுத்துகிறது. கழுத்து வளைந்து திரும்பும் தன்மையை இழந்தால் அந்தப் பிடி போய்விடும்.

பிளவைவிட மோசமான கழுத்துப் பிரச்சனை

உண்மையைச் சொன்னால், கழுத்துப் பிளவு பார்க்கத்தான் பயமாக இருக்கும். பிளந்தது சேம்பருக்குள்ளே என்றால், சுற்றிலும் எஃகு இருப்பதால் பெரும்பாலும் பெரிய விபத்து நடப்பதில்லை. குறி தவறும், கொஞ்சம் புகை கசியும், உறையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். ஒட்டுப்போட்டுப் பயன்படுத்த வழியில்லை.

கண்ணுக்குத் தெரியாத பிரச்சனை நீளம். ஒவ்வொரு முறை சுடும்போதும், அச்சில் நெருக்கும்போதும் பித்தளை கொஞ்சம் கொஞ்சமாக மேல் நோக்கி நகரும். கழுத்து வளரும். .308 வின்செஸ்டர் உறையின் அதிகபட்ச நீளம் 51.18 மில்லிமீட்டர். அதைத் தாண்டினால் கழுத்தின் விளிம்பு சேம்பரின் முடிவில் போய் முட்டும். முட்டிய விளிம்பு உள்பக்கம் மடங்கி, குண்டை இறுக்கிக் கவ்விக்கொள்ளும். சுடும்போது கழுத்து விரிய இடமில்லை, குண்டு விடுபட வழியில்லை. அழுத்தம் எல்லை மீறி ஏறும். துப்பாக்கியே சிதற வாய்ப்புள்ள நிலை இது. அதனால்தான் ரீலோடிங் கையேடுகள் ஒவ்வொரு முறையும் அளந்து, 50.93 மில்லிமீட்டருக்கு வெட்டிவிடச் சொல்கின்றன. கால் மில்லிமீட்டர்தான். அந்தக் கால் மில்லிமீட்டரில் அலட்சியம் காட்டக் கூடாது என்பதில் எல்லாக் கையேடும் ஒரே குரலில் பேசும்.

மேல் நோக்கி நகரும் பித்தளை எங்கிருந்து வருகிறது? கீழ்ப்பகுதியிலிருந்து. அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துகொண்டே வரும். வெளியே பளிச்சென்று ஒரு வளையக் கோடு தெரிந்தால், உறை அங்கே இரண்டாகப் பிரியப் போகிறது என்று அர்த்தம். கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கோட்டை விடும் இடம் இது.

குறிபார்த்துச் சுடும் போட்டியாளர்களுக்கு வேறொரு கவலை உண்டு. கழுத்துச் சுவரின் தடிமன் ஒரு பக்கம் கூடியும் ஒரு பக்கம் குறைந்தும் இருந்தால் குண்டு மையம் விலகி நிற்கும். அதனால் கழுத்தை வெளிப்பக்கம் சீவிச் சமன் செய்வார்கள். சாதாரண வேட்டைக்காரருக்கு இதெல்லாம் தேவையில்லாத வேலை.

பாலிஷ் போடும்போது கவனம்

1921இல் கிடைத்த பாடம் இன்றும் ஒரு சின்ன இடத்தில் மறக்கப்படுகிறது. உறை பளபளக்க வேண்டும் என்று அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்ப்பது. குதிரை லாயத்தில் மாதக்கணக்கில் நடந்ததை மேசை மேலேயே செய்கிற மாதிரி. எனவே அம்மோனியா இல்லாத தூள், திரவம் ஆகியவற்றையே பயன்படுத்த வேண்டும் என்று கையேடுகள் எச்சரிக்கின்றன.

தோட்டாவைத் தாண்டியும் இது பொருந்தும். மாட்டுத் தொழுவம், கோழிப்பண்ணை போன்ற அம்மோனியா நெடி மிகுந்த இடங்களில் இறுக்கி முடுக்கப்பட்ட பித்தளை நட்டுகளும் குழாய் இணைப்புகளும் இதே காரணத்தால் விரிசல் விடக்கூடும்.

இந்தியாவில் ரீலோடிங் செய்யலாமா?

அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பனைக்கு என்றால் உரிமம் வேண்டும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் அங்கே தோட்டா தட்டுப்பாடு வந்தபோது, பழைய உறைகளுக்கு மதிப்பு கூடியது.

இங்கே நிலைமை அப்படி இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிப்பது குற்றம். வெடிமருந்துக்கு 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் இருக்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் இருப்பதாலேயே தோட்டா தயாரிக்க உரிமம் கிடைத்துவிட்டதாக ஆகாது. வீடியோ பார்த்து வீட்டில் முயற்சி செய்யும் விஷயம் இது இல்லை.

ராணுவத்துக்கான தோட்டாக்கள் அரசு நிறுவனங்களில் தயாராகின்றன. புனே அருகே கட்கியில் உள்ள தோட்டா தொழிற்சாலை 1869இல் தொடங்கியது. 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலைகள் 7 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. திருச்சியில் இருப்பது துப்பாக்கித் தொழிற்சாலை. அது வேறு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

பித்தளைக்கு மாற்று இல்லையா?

இருக்கிறது. ஏகே வகைத் தோட்டாக்களில் எஃகு உறை பரவலாகப் பயன்படுகிறது. விலை குறைவு, ஆனால் பித்தளை போல உப்பிச் சுருங்காது, மறுபடி நிரப்பவும் தோதில்லை. பிளாஸ்டிக் உறைகளையும் முயன்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

2022இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த புதிய 6.8 மில்லிமீட்டர் ரைஃபிளின் தோட்டா இன்னும் ஒரு படி போனது. அதன் வேட்டை வடிவமான .277 ஃபியூரியில் உச்ச அழுத்தம் 80,000 பவுண்டு. இவ்வளவு அழுத்தத்தைத் தனிப் பித்தளை அடிப்பாகம் தாங்காது என்பதால், அடியைத் துருப்பிடிக்காத எஃகில் செய்து உடலோடு பூட்டியிருக்கிறார்கள். உடலும் கழுத்தும் மட்டும் இன்னமும் பித்தளைதான்.